நான்கு பவுண்டு இறுக்கம்

அப்பா காடியை விற்கப் போகிறார் என்று அம்மா தொலைபேசியில் சொன்னபோது நான் பிரிக்பீல்ட்ஸில், வாழையிலைச் சோற்றுக் கடை ஒன்றின் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். "வியாழக்கிழமை ஓர் ஆள் பார்க்க வராராம். அதுக்குள்ள எண்ணெய் ஒழுகறத நிறுத்தணுமாம். சனிக்கிழமை நீ வந்துடு," என்றார். நான் சரி என்றேன். சோறு இறங்கவில்லை.

அது ஒரு மோரிஸ் மைனர். 1965ஆம் ஆண்டில் பதிவானது. காப்பார் பக்கத் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து 1982ஆம் ஆண்டில் அப்பா வாங்கினார். மூன்று ஆண்டுகளில் புரோட்டோன் சாகா வந்தது. ஊரே பழைய காடியைத் தள்ளிவிட்டுப் புதியதற்கு மாறிய காலம். அப்பா மட்டும் மாறவில்லை. அம்மாவை மகப்பேற்றுக்கு ஏற்றிச் சென்றதும், நான் பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த முதல் நாளில் என் பெட்டியும் தலையணையுமாகக் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்து வந்ததும் அந்தக் காடிதான். மற்ற மாணவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று விடுதி வாசலுக்குச் சற்று முன்பே இறக்கிவிடச் சொன்னேன். அப்பா எதுவும் கேட்காமல் நிறுத்தினார். இதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்பா ஒரு போமன். இன்றைய மாணவர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். 'போர்மன்' என்ற ஆங்கிலச் சொல்லை மலாய்க்காரரும் சீனரும் நாமும் சேர்ந்து தேய்த்துத் தேய்த்து, காடி பழுது பார்ப்பவருக்குப் பெயராக்கிவிட்டோம். பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்து, பதினான்கு வயதில் தோட்டத்தை விட்டு, பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே குடியிருப்புகளை ஒட்டியிருந்த ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். செங்கல் சூளைகளால் பெயர் பெற்று, பிறகு இரயில்வே தொழிலாளர்களின் இடமாகிப்போன அந்தப் பிரிக்பீல்ட்ஸ் இப்போது அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. இரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்த திடலில் 2001ஆம் ஆண்டில் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. அப்பா வேலை கற்ற பட்டறை எந்த இடத்தில் இருந்தது என்று அவராலேயே இன்று காட்ட முடியாது.

காட்ட முடியாததற்கு வேறொரு காரணமும் உண்டு. இனிப்புநீர் அவருடைய கண்களை எடுத்துக்கொண்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது நிழலாகத் தெரியும். அவ்வளவுதான். பார்வை போன பிறகும் வாரம் ஒருமுறை காடியின் முன்மூடியைத் திறந்து, விரலால் தடவி, எண்ணெய்க் கோலைத் துடைத்துச் செருகி, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று கட்டைவிரல் நகத்தால் அளந்து பார்ப்பார். ஓட்டுவது மட்டும் நான், அதுவும் மாதம் ஒருமுறை.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். ஆனால் பட்டம் வாங்கும்வரை ஒரு ஸ்பேனரைக்கூட அப்பா என் கையில் கொடுத்ததில்லை. பட்டறைப் பக்கம் போனால், "போய்ப் படி. இந்தக் கறுப்பு என்னோட போகட்டும்," என்பார். அந்தக் கறுப்பு, அவருடைய நகக்கண்களில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட எண்ணெய்க் கறை. ஆகவே வெப்ப இயக்கவியலின் சமன்பாடுகள் எனக்குத் தெரியும், ஓர் எஞ்சினின் மூடியைத் திறக்கத் தெரியாது.

சனிக்கிழமை காலை கொமுட்டரில் கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது அப்பா தயாராக இருந்தார். பழைய பாய் ஒன்று விரித்து, அதன்மேல் சாமான்களை வரிசையாக அடுக்கியிருந்தார். "பசியாறியாச்சா?" என்றார். ஆயிற்று என்றேன். "எஞ்சின் சூடா இருக்கக் கூடாது. நேத்துலேர்ந்து எடுக்கல. சட்டையைக் கழட்டிட்டு வா."

ஒழுகிய இடம் எஞ்சினின் உச்சி. வால்வுகளை இயக்கும் கைகளை மூடியிருக்கும் தகரப் பெட்டிக்கு ராக்கர் மூடி என்றும் வால்வு மூடி என்றும் பெயர். அந்த மூடிக்கும் எஞ்சின் தலைக்கும் நடுவில் ஒரு கார்க்கு வளையம் உட்கார்ந்திருக்கும். அதுதான் கேஸ்கெட். ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து, காய்ந்து, சுருங்கி அது உயிர் விட்டால் கறுப்பெண்ணெய் விளிம்பு வழியாகக் கசியும். இந்த எஞ்சினில் புகைக்குழாயின் மேனிஃபோல்டு பக்கத்திலேயே இருப்பதால் சொட்டுகிற எண்ணெய் சுட்ட இரும்பில் விழுந்து புகையும். நாற்றம் மட்டுமல்ல, தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. விற்றுப் பெயர் மாற்றுவதற்கு முன் வாகனப் பரிசோதனைக்கு வேறு போக வேண்டும். ஒழுகும் எஞ்சினோடு அங்கே போய் நிற்க அப்பாவின் மானம் இடங்கொடுக்காது.

புதிய கேஸ்கெட்டைக் கிள்ளானிலேயே ஒரு பழைய உதிரிப்பாகக் கடையில் அம்மா வாங்கி வைத்திருந்தார். அறுபது வயதுக் காடிக்குப் பாகம் கிடைக்கிறதே என்று நீங்கள் வியக்கலாம். மோரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி 1971வரை, பதினாறு இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட காடி. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் பின்னாளில் மினியையும் வடிவமைத்தார். 1951இல் ஆஸ்டின் ஏ30இல் அறிமுகமான 'ஏ' வரிசை எஞ்சின் அடுத்த ஆண்டே மைனருக்கு வந்தது. அதே வரிசை எஞ்சின் பழைய மினியில் 2000ஆம் ஆண்டுவரை ஓடியது. குடும்பம் பெரியது என்பதால் மூடிக்கான கார்க்கு வளையம் இன்றும் எங்கோ செய்யப்படுகிறது.

"ஏன் கார்க்கு? நம்ம ஊர்ல இல்லாத ரப்பரா?" என்று கேட்டேன்.

அப்பா சிரித்தார். "உங்க பாட்டி வெட்டுன பாலு கறுப்பெண்ணெயில கெடந்தா ஊறி உப்பிப் போயிரும் தம்பி. அதுக்கு வேற ரப்பர் இருக்கு."

அவர் சொன்னது சரிதான். இயற்கை ரப்பர் கனிம எண்ணெயை உறிஞ்சி வீங்கிவிடும். எண்ணெய் படும் இடத்துக்கு நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து சிறிது தொலைவில், மேருவில் உள்ள தொழிற்சாலைகளில் கையுறை செய்கிறார்களே, அதே நைட்ரைல்தான். கார்க்கு ஒரு மரத்தின் பட்டை. போர்த்துகல் நாட்டில் அதிகம். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரித்துக்கொண்டு மரத்தை உயிரோடு விட்டுவிடுவார்கள். பாட்டி செய்ததும் ஏறக்குறைய அதே வேலைதான். பட்டையைச் சீவ வேண்டும், மரத்தைத் தொடக் கூடாது. ஆழம் குறைந்தால் பால் இல்லை, கூடினால் மரத்துக்குக் காயம். அந்த அளவைப் பாட்டிக்கு யாரும் அளவுகோல் வைத்துச் சொல்லித் தரவில்லை.

வேலை தொடங்கியது. மூச்சுக்குழாயைக் கழற்றினேன். மூடியின் உச்சியில் இரண்டே இரண்டு நட்டுகள். அப்பா அவற்றை மறை என்பார். தமிழகத்திலிருந்து வந்த அவருடைய பட்டறை வாத்தியாரின் சொல் அது. "அவனுக்கு மறை கழண்டுபோச்சு" என்று நாம் கேலி பேசுகிறோமே, அந்த மறை திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் நட்டுதான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. மாணவனாக இருந்த காலத்தில் மொழிக் கழக நண்பர்களோடு சேர்ந்து கலைச்சொல் பட்டியல் தயாரித்தவன் நான். 'வால்வு' என்பதற்கு 'ஓரதர்' என்று எழுதிப் பெருமைப்பட்டேன். வீட்டுப் பட்டறையில் புழங்கிய ஒரு நல்ல தமிழ்ச் சொல்லைக் கேட்டு எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை.

நான் ஸ்பேனரை மாட்டித் திருப்பினேன். 'சளக்' என்று ஓர் ஓசை.

"நிறுத்து. எந்த ஸ்பேனர்?"

"பதிமூணு."

"அது மில்லிமீட்டர். இது வெள்ளைக்காரன் காடி, அங்குலம். அரை எடு."

அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். எட்டாம் வகுப்புக் கணக்கு. அந்த 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில்தான் மறையின் மூலைகள் மழுங்குகின்றன என்பதை அவர் காதாலேயே கண்டுபிடித்தார்.

மூடி கழன்று வந்தது. உள்ளே எட்டு வால்வுகள், எட்டு ராக்கர் கைகள், மேலெல்லாம் தேன் நிறத்தில் எண்ணெய். பழைய கார்க்கு பாதி மூடியிலும் பாதி எஞ்சின் தலையிலுமாக ஒட்டிக்கொண்டு வந்தது. தள்ளுகோல்கள் இறங்கும் துளைகளில் துணி அடைக்கச் சொன்னார். ஒரு துணுக்குக் கார்க்கு உள்ளே விழுந்தாலும் எண்ணெய் ஓடும் வழியை அடைக்கும். மொண்ணைக் கத்தியால் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அப்பா விளிம்பு முழுவதும் விரலை ஓட்டி, இரண்டு இடங்களைத் தொட்டு, "இங்க இருக்கு, இங்க இருக்கு," என்றார். நான் சுத்தம் என்று நினைத்த இடங்கள்.

"மூடியைத் தெறந்தாச்சு. அப்படியே வால்வு எடைவெளியும் பார்த்திரலாம்," என்றார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, காடியின் முன்பக்கத்தில் கைப்பிடிக் கம்பியைச் செருகி நான் எஞ்சினைச் சுழற்றினேன். அப்பா ராக்கர் கைகளின்மேல் விரல்களை வைத்து எது இறங்குகிறது, எது ஏறுகிறது என்று பார்த்தார். இதற்கு ஒரு கணக்கு உண்டு. கூட்டினால் ஒன்பது வர வேண்டும். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யலாம். ஏழாவது திறந்தால் இரண்டாவது, ஆறாவது திறந்தால் மூன்றாவது. இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 12 பங்கு, அதாவது ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். தகட்டு அளவியை இடையில் விட்டு இழுத்துப் பார்க்க வேண்டும்.

"எப்படி இருக்கணும்?" என்றேன்.

"இழுக்கும்போது பிடிக்கணும். ஆனா விடமாட்டேன்னு அடம் பிடிக்கக் கூடாது."

நான் செய்த எட்டில் மூன்றை அவர் திரும்பச் செய்தார்.

அடுத்து மூடி. எண்ணெய் துடைத்த மூடியை வாங்கிச் சமையலறை வாசலின் வழவழப்பான ஓட்டுத் தரையில் கவிழ்த்து வைத்தார். ஒரு மூலையில் விரலால் அழுத்தினார். 'டக்'. மறு மூலையில் அழுத்தினார். 'டக்'. ஆடிய நாற்காலி போல மூடி ஆடியது. அப்பாவின் முகம் மாறியது.

"வளைஞ்சிருக்கு," என்றார். "யாரோ மறையைப் போட்டு மரண இறுக்கு இறுக்கியிருக்காங்க. கேஸ்கெட் கெட்டதும் அதனாலதான்." சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவரே, "யாரோ என்ன யாரோ. நான்தான். ஒழுகுதுன்னு அம்மா சொன்னப்ப ஒருக்கா இறுக்கிப் பார்த்தேன். கண்ணு போனதோட கை அளவும் போயிருச்சு. அதான் தம்பி வித்துரலாம்னு சொன்னேன். கை அளவு போனவன் காடி வெச்சிருக்கக் கூடாது," என்றார்.

காடி விற்பனைக்குக் காரணம் காசு என்று நான் நினைத்திருந்தேன். இடம் அடைக்கிறது, சாலை வரி, காப்புறுதி என்றெல்லாம் அம்மாவிடம் சொல்லியிருந்தார். உண்மைக் காரணம் அப்போதுதான் வெளியே வந்தது.

நான் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அதை வளைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

சென்ற தீபாவளிக்கு வந்தபோது தாழ்வாரத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் கிடந்தது. உறவினர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கோலத்துக்குப் பக்கத்தில் கறுப்பாகக் கிடந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா உள்ளே படுத்திருந்தார். நீளக் கைப்பிடி போட்ட ஸ்பேனரை எடுத்து, இரண்டு மறைகளையும் என் பலம் உள்ளமட்டும் இறுக்கினேன். இறுக்கினால் ஒழுகாது என்பது என் பொறியியல். சொட்டுவது நிற்கவில்லை, கூடியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அப்பா இறுக்கிப் பார்த்தபோது திருப்ப மிச்சம் ஏதும் இருந்திருக்காது.

சொல்லாமல் இருந்துவிட முடியும். வியாழக்கிழமை ஆள் வருவார், காடி போகும், யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் அப்பா தம் வலக்கையை இடக்கையால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது ஆண்டுகள் சோறு போட்ட கை. அதன்மேல் அவரே ஐயப்படும்படி நான் விட்டுவிட்டேன்.

"அப்பா, இறுக்குனது நான்தான். தீபாவளிக்கு. நீளக் கம்பி போட்டு."

அவர் தலையைத் திருப்பவில்லை. ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எவ்வளவு இறுக்குன?"

"முடிஞ்சமட்டும்."

"இதுக்கு நாலு பவுண்டு," என்றார் மெதுவாக. "ஹெட்டு மறைக்கு நாப்பது. மூடிக்கு நாலே நாலு. உனக்குத் தெரியாது. நான்தான் சொல்லித் தரலையே."

நாற்பது, நான்கு என்பவை பவுண்டு-அடிக் கணக்கில் முறுக்கு விசை. எஞ்சினின் தலையைப் பிடித்து வைத்திருக்கும் மறைகளுக்கு உள்ளே நிகழும் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். மூடிக்கு அந்த வேலை இல்லை. தெறிக்கும் எண்ணெயை உள்ளே வைத்துக்கொண்டால் போதும். தகர மூடியின் நடுவில் அழுத்தினால் தகரம் அமுங்கும், விளிம்பு கோணும், கார்க்கு ஓர் இடத்தில் பிதுங்கிக் கிழியும், வேறோர் இடத்தில் பிடிப்பே இல்லாமல் நிற்கும். அதிகம் இறுக்கினால் அதிகம் ஒழுகும். என் பாடநூலிலும் இது ஏதோ ஒரு பக்கத்தில் இருந்திருக்கும்.

"அந்தப் பலகையை எடு," என்றார். குரலில் வேறொரு தெம்பு வந்திருந்தது. பலகையின்மேல் மூடியின் விளிம்பை வைத்து, சிறு கட்டை ஒன்றை மேலே வைத்து, சுத்தியலால் தட்டத் தொடங்கினார். தட்டுவார், விரலால் தடவுவார், மறுபடியும் தட்டுவார். ஓங்கி அடித்த அடி ஒன்றுகூட இல்லை. கால் மணி நேரம் கழித்து மூடியைத் தரையில் கவிழ்த்து நான்கு மூலைகளையும் அழுத்தினார். ஓசையே இல்லை. இன்னொரு முறை அழுத்தினார். அவர் முகத்தை நான் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்க்க முடியாது என்பது அந்த நேரத்தில் எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு நடந்தவை சுலபமானவை. மூடியின் பள்ளத்தில் பசை தடவிப் புதிய கார்க்கை ஒட்டினோம். எஞ்சின் தலையைத் தொடும் பக்கம் பசை கிடையாது, மெல்லிய கிரீஸ் மட்டும். அடுத்த முறை கழற்றுகிறவனுக்குச் சுரண்டும் வேலை மிச்சம். "அடுத்த முறை கழட்டறவனையும் நெனைக்கணும். பெரும்பாலும் அது நாமளாதான் இருப்போம்," என்றார். மறைகளுக்கு அடியில் புது ரப்பர் வாசர்கள் போட்டோம். ஸ்பேனரை என் கையில் கொடுத்து, என் கைமேல் தம் கையை வைத்தார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி. ஓர் இடத்தில் அவர் விரல்கள் என் விரல்களை அழுத்தின. "இதுதான் நாலு பவுண்டு. மறந்துறாத."

எனக்கு முப்பத்தொன்பது வயது. அப்பா என் கையைப் பிடித்து ஏதாவது கற்றுக்கொடுத்தது, அரிசியில் 'அ' எழுதியதற்குப் பிறகு அதுதான் முதல் முறை.

எஞ்சினை முடுக்கினேன். அப்பா முன்மூடியருகே தலை சாய்த்து நின்று கேட்டார். அம்மாவின் முகப் பவுடரைக் கேட்டு வாங்கி மூடியின் விளிம்பைச் சுற்றித் தூவச் சொன்னார். எண்ணெய் கசிந்தால் பவுடரில் கறை தெரியும். இருபது நிமிடம் ஓடியது. கறை இல்லை. இரவு காடிக்கடியில் பழைய நாளிதழை விரித்து வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்து, "காய்ஞ்சு கெடக்குப்பா," என்றேன். அவர் நம்பாமல் குனிந்து, தாள் முழுவதையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தார்.

பசியாற ஜாலான் தெங்கு கிளானாவுக்குக் காடியிலேயே போனோம். பூக்கடை, துணிக்கடை, பாட்டுச் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் அப்பா எஞ்சினை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். திரும்பும் வழியில், "வியாழக்கிழமை வர்ற ஆள்கிட்ட என்னப்பா சொல்றது?" என்றேன்.

பதில் உடனே வரவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னார்:

"புதுக் கார்க்கு சூட்டுல அமரும். ஒரு வாரம் கழிச்சு மறையை இன்னொரு தடவை பார்க்கணும். கொஞ்சமா தளர்ந்திருக்கும். அதப் பார்க்காம அடுத்தவங்க கையில கொடுக்கறது முறையில்ல. இப்ப வர வேணாம்னு சொல்லிரு."

அடுத்த சனிக்கிழமையும் கிள்ளானுக்குப் போகிறேன். பையில் அரை அங்குல ஸ்பேனர் இருக்கிறது. சொந்தக் காசில் வாங்கியது.